ஸ்பித்திக்கு கிராவல் சைக்கிளில்: மணாலி வழியா, சிம்லா வழியா?

இமாச்சலப் பிரதேசத்தின் உயரமான மலைப் பள்ளத்தாக்கான ஸ்பித்திக்கு, கரடுமுரடான பாதைக்கேற்ற அகல டயர் கொண்ட கிராவல் சைக்கிளில் போக இரண்டு வழி. தூரத்தைப் பார்த்தால் மணாலிதான். ஸ்பித்தியின் முக்கிய ஊரான காஸா வரை ஏறக்குறைய 200 கி.மீ.; சிம்லாவிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் கிராம்ஃபு தாண்டினால் பாத்தல் வரை பாதை என்பதே பல இடங்களில் உருண்டைக் கல்லும் ஓடைநீரும்தான். பனிப்பாறை உருகுவதால் மதியத்துக்குமேல் ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் சைக்கிளை இழுத்துப் பார்க்கும். 40 மி.மீ. டயரில் போகலாம், கை மரத்துப்போகும். 50 மி.மீ. இருந்தால் நல்லது. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது தனிமை: ரோதாங் கணவாயில் ஏறாமலே கடக்க உதவும் அடல் சுரங்கம் 2020இல் திறந்தபின் கணவாய்ப் பக்கம் லாரி நெரிசலும் குறைந்துவிட்டது.

பெரிய சிக்கல் உயரம். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியிலிருந்து, 4,500 மீட்டரைத் தாண்டும் குன்ஸும் கணவாய்க்கு இரண்டு மூன்று நாளில் ஏறினால் தலைவலி, வாந்தி வரலாம். பனிக்காலத்தில் கணவாயே மூடிவிடும்.

சிம்லா வழி கின்னௌர் மாவட்டம் வழியாக மெல்ல மெல்ல ஏறும், உடம்பு பழகிக்கொள்ளும். ராம்பூர் வரை லாரிப் புகை, அலுப்புதான். நாக்கோ, 996இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம் என்று நின்று போக இடமுண்டு.

முதல்முறை போகிறவருக்கு என் ஓட்டு சிம்லாவுக்கே. திரும்பும்போது மணாலி பக்கம் இறங்கலாம், அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும்.