பில்ட் உடைந்த காலையில்: பில்ட்ரூட்டா, யாக்டோவா?

இரவு ஓடவிட்ட பில்ட் காலையில் பிழையோடு நிற்கிறது. பில்ட்ரூட், யாக்டோ இரண்டும் சிறு போர்டுகளுக்கான லினக்ஸை மூலநிரலிலிருந்து கட்டித்தரும் கருவிகள். காரணத்தைப் பிடிக்க இந்த இரண்டில் எது கைகொடுக்கும்?

பில்ட்ரூட்டில் எல்லாமே மேக் கோப்புகள், அதாவது எதை எப்படிக் கட்டுவது என்ற விதிகள். தொகுப்புகள் வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகவே கட்டப்படுவதால், எது உடைந்தது என்று திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆனால் தொகுப்புக்குத் தனி லாக் (வெளியீட்டுப் பதிவு) கிடையாது. வெளியீட்டை நாமே கோப்பில் பிடித்து வைக்காவிட்டால் போச்சு. யாக்டோவில் ஒவ்வொரு ரெசிபிக்கும் (ஒரு தொகுப்பைக் கட்டும் குறிப்பு), அதிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனி லாக் உண்டு, ஓட்டிய ஷெல் ஸ்கிரிப்டும் பக்கத்திலேயே இருக்கும். டெவ்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்தால் அதே சூழலில் கையாலேயே கம்பைல் செய்து பார்க்கலாம். அந்தக் கோப்புறைப் பாதைகள் பழக மட்டும் கொஞ்ச நாள் ஆகும்.

பெரிய வித்தியாசம் சார்புகளில்தான், அதாவது ஒரு தொகுப்புக்குத் தேவைப்படும் மற்றத் தொகுப்புகளில். பில்ட்ரூட் இயல்பாக எல்லாத் தொகுப்புகளுக்கும் ஒரே சிஸ்ரூட்டைக் (கம்பைலுக்கு வேண்டிய ஹெடர்களும் நூலகங்களும் இருக்கும் கோப்புறை) கொடுக்கிறது. ஒரு தொகுப்பு தனக்குத் தேவையான நூலகத்தை அறிவிக்காமல் விட்டிருந்தாலும், வேறொன்றுக்காக அது முன்பே கட்டப்பட்டிருந்தால் பில்ட் ஓடிவிடும். ஒரு நாள் அந்த வேறொன்றை நீக்குவீர்கள், அப்புறம் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஹெடர் காணோம் என்று வரும். யாக்டோ 2017-இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து ஒவ்வொரு ரெசிபிக்கும் தனி சிஸ்ரூட் தருகிறது. விடுபட்ட சார்பு அநேகமாக முதல் நாளே அகப்படும்.

இன்னொன்று, பில்ட்ரூட்டில் கான்ஃபிக் மாற்றினால் எதை மறுபடி கட்டவேண்டும் என்று அது தானாகக் கணிக்காது. டூல்செயினை (கம்பைலரும் அதன் துணைக்கருவிகளும்) மாற்றினால் முழுதாக அழித்துக் கட்டுவதுதான் வழி. யாக்டோ உள்ளீடுகளின் ஹாஷை (கைரேகை போன்ற ஓர் எண்) வைத்து, மாறியதை மட்டும் தானே மறுபடி கட்டும்.

ஒரே போர்டு, ஓரிருவர் வேலை என்றால் நான் பில்ட்ரூட்டைத்தான் எடுப்பேன், முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவில் அது இருக்கிறது. பலர் பல வருடம் பராமரிக்கப்போவது என்றால் யாக்டோ.

சி++ கம்பைலர் பாதியில் "கில்ட்" என்று செத்தால் மட்டும் ரெசிபியைச் சந்தேகிக்காதீர்கள், பெரும்பாலும் ரேம் போதவில்லை. 16 கோர் கணினியில் யாக்டோ 16 வேலைகளை ஓட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் 16 கம்பைல்வரை திறக்கலாம்: மோசமான நிலையில் 256. பில்ட்ரூட் ஒரு தொகுப்புக்கு 17 கம்பைலுடன் நிற்கும். யாக்டோவில் அந்த இரண்டு 16-களையும் லோக்கல் கான்ஃபிக் கோப்பில் பாதியாக்கிவிட்டு, முதலில் அதே பில்ட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.