ரன்ஃபிளாட்டைக் கழற்றிச் சாதா டயர் போட்டேன்: பதினாலு மாத அனுபவம்

என்னிடம் இருப்பது மூணு கதவு மினி கூப்பர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. "மினி வச்சிருக்கிறவனுக்கு டயர் காசு ஒரு விஷயமா" என்று கேட்க வாயெடுப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், புது வண்டியாக வாங்கும் வசதி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கைக்கு வந்தபோது நாலு சக்கரத்திலும் ரன்ஃபிளாட். டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியும் இல்லை, ஜாக்கியும் இல்லை. விற்றவரிடம் கேட்டேன். "அதெல்லாம் தேவையே இல்ல சார், பங்க்சர் ஆனாலும் ஓடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எவ்வளவு தூரம் ஓடும், ஓடி எந்த ஊரில் போய் நிற்கும், அந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை.

தெரியாதவர்களுக்காக: சாதா டயரில் வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. காற்று இறங்கினால் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், மடங்கி ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கும், அப்படியே ஒரு கிலோமீட்டர் உருட்டினாலும் டயர் குப்பைக்குத்தான். ரன்ஃபிளாட்டில் சைடுவாலுக்குள்ளேயே கெட்டியான ரப்பரை வைத்துத் தடிமனாகக் கட்டியிருப்பார்கள், காற்றே இல்லாவிட்டாலும் அந்தச் சுவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் கணக்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் தூரம். உங்கள் வண்டியில் இருப்பது ரன்ஃபிளாட்தானா என்று சந்தேகம் இருந்தால் சைடுவாலைப் படியுங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்.எஃப்.டி., மிஷ்லின் என்றால் இசட்.பி., கான்டினென்டல் என்றால் எஸ்.எஸ்.ஆர்., குட்இயர் என்றால் ஆர்.ஓ.எஃப். என்று அச்சாகியிருக்கும். ஆளுக்கொரு பெயர், ஏன் என்று கேட்காதீர்கள். மினிக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. 1974லேயே பழைய மினி 1275 ஜிடிக்கு டன்லப்பின் டெனோவோ என்ற ரன்ஃபிளாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத் தனி ரிம் வேண்டும், டயருக்குள்ளேயே திரவக் குப்பி வேறு. அந்தக் குடும்பத்து வியாதி அப்படியே பேரன் வரைக்கும் வந்திருக்கிறது.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம், நான், மனைவி, பின்சீட்டில் அம்மா. உளுந்தூர்பேட்டையில் திரும்பி, கள்ளக்குறிச்சி தாண்டி, சின்னசேலத்தை நெருங்கும்போது மணி பத்து இருக்கும், டயர் பிரஷர் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங்கில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அதுதான் ரன்ஃபிளாட்டின் நல்ல குணம், அதுவே கெட்ட குணமும்கூட, டாஷ்போர்டில் விளக்கு எரியாவிட்டால் காற்றில்லாமல் போகிறோம் என்பதே தெரியாது. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன், பின்பக்க இடது டயர் லேசாக உட்கார்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இருட்டு, பக்கத்தில் சோளக்காடு, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. சேலம் எண்பது கிலோமீட்டருக்குப் பக்கம். அம்மா "என்னப்பா ஆச்சு" என்றார். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு ஐம்பதிலேயே உருட்டிக்கொண்டு போனேன். ஆத்தூர் தாண்டியது, வாழப்பாடி தாண்டியது, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் சேலத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தினேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ரன்ஃபிளாட்டுக்கு நான் பத்துக்குப் பத்து மார்க் போடுவேன். ரோட்டோரம் இறங்கி எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை, அம்மா தூங்கியே போய்விட்டார்.

மார்க் குறைய ஆரம்பித்தது மறுநாள் காலையில். பங்க்சர் கடைக்காரர் டயரை ரிம்மிலிருந்து பிரிக்கவே அரைமணி நேரம் போராடினார், மெஷின் இருந்தும் அந்தக் கெட்டிச் சைடுவால் அசைந்து கொடுக்கவில்லை. பிரித்ததும் உள்ளே கையை விட்டுத் தடவி எடுத்து என்னிடம் காட்டினார். உள்ளங்கை முழுக்க மை மாதிரி கருப்புத் தூள், டயரின் உள்சுவர் தன்னைத்தானே அரைத்துக்கொண்ட ரப்பர். "ஆணி நட்டநடுவுலதான் சார் ஏறியிருக்கு, சாதா டயரா இருந்தா நூத்தம்பது ரூபாயில முடிஞ்சிருக்கும். இது உள்ளுக்குள்ள செத்துப்போச்சு, ஒட்டினா நான்தான் பாவம் சுமக்கணும்" என்றார். அவர் சொன்னது சரி. காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டை மறுபடி நம்பக்கூடாது, வெளியே தெரியாமல் உள்ளே நைந்திருக்கும். காற்று முழுசாக இறங்கும் முன்பே பார்த்து நிறுத்தியிருந்தால் சில கம்பெனிகள் ஒட்ட அனுமதிக்கின்றன. அதாவது என்னிடம் ஒரு சின்னக் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருந்து, விளக்கு எரிந்த உடனேயே காற்றை ஏற்றிக்கொண்டே வந்திருந்தால் டயரையே காப்பாற்றியிருக்கலாம். பங்க்சர் ஆனாலும் ஓடும் என்ற தைரியத்தில் அதை வாங்காமல் விட்டிருந்தேன்.

என் ரிம் 16 இன்ச், டயர் அளவு 195/55. அந்த அளவில் ரன்ஃபிளாட் சேலத்தில் நான் கேட்ட நாலு கடையிலும் இல்லை. வரவழைக்க இரண்டு நாள், விலை பதினாறாயிரத்துச் சொச்சம். அம்மாவையும் மனைவியையும் கோவை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் லாட்ஜில் உட்கார்ந்து டிவி பார்த்தேன். இதில் கொடுமை என்னவென்றால், இதே 195/55 ஆர்16 தான் பலேனோவின் மேல் மாடல்களுக்கும் ஐ20க்கும். சாதா டயராக இருந்தால் எந்த ஊரிலும் கடைக்காரர் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுப்பார், எட்டாயிரத்துக்குள்.

பங்க்சர் ஒரு பக்கம் இருக்கட்டும், தினசரி ஓட்டுவதைப் பாருங்கள். 195 மில்லிமீட்டர் அகலத்தில் 55 சதவீதம் என்றால் சைடுவால் உயரம் 107 மில்லிமீட்டர், நாலு இன்ச்சுக்குக் கொஞ்சம் மேலே. நம் ஊர்ப் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ள இருப்பதே அந்த நாலு இன்ச், அதையும் கல் மாதிரி ஆக்கிவிட்டால் அடி நேராக ரிம்முக்கும் முதுகுக்கும்தான் போகும். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை ரிம்முக்குப் பெண்டு எடுத்தேன். ஒருமுறை பாலம் கட்டும் வேலை நடந்த இடத்தில் பள்ளத்தில் விட்டபோது சைடுவால் கொழுக்கட்டை மாதிரி புடைத்துக்கொண்டது, அந்தத் தடியான சுவரும் அதைத் தடுக்கவில்லை.

சேலத்தில் வாங்கிய ஒன்றைத் தவிர மற்ற மூன்றும் தேய்ந்ததும், போன வருடம் நாலையும் ஒரேயடியாகச் சாதா டயருக்கு மாற்றினேன். (அந்தப் புதுசைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.) இரண்டு இது இரண்டு அது என்று கலந்து போடாதீர்கள், முன்னும் பின்னும் வண்டி வேறுவேறு மாதிரி நடந்துகொள்ளும். கடையில் பழையது ஒரு கையில், புதுசு ஒரு கையில் தூக்கிப் பார்த்தேன், எடை வித்தியாசத்தைத் தராசு இல்லாமலே சொல்லலாம். எந்த பிராண்டு என்று எழுதவில்லை, எழுதினால் கம்பெனி ஆள் என்பீர்கள்.

முதல் நாள் வீட்டுத் தெருவின் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோதே வேறு வண்டி மாதிரி இருந்தது. டயர் சத்தம் குறைந்தது. அம்மா இப்போது பின்சீட்டில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதில்லை. இழந்தது என்ன? வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சட்டென்று மூக்கைத் திருப்பும் அந்த மினித்தனம் ஒரு பொட்டு குறைந்துவிட்டது. மலைப்பாதையில் மட்டும் தெரிகிறது, ஊருக்குள் தெரியவில்லை.

ஸ்டெப்னிக்கு என்ன செய்வது என்பதுதான் எல்லாரும் கேட்பது. மினியின் டிக்கி 211 லிட்டர், அதில் முழு சக்கரம் ஒன்றைப் படுக்க வைத்தால் பெட்டிக்கு இடமில்லை. 2020ல் மோட்டார் வாகன விதியைத் திருத்தியதிலிருந்து, டியூப்லெஸ் டயரும் பிரஷர் எச்சரிக்கையும் பங்க்சர் கிட்டும் இருந்தால் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால் நான் வைத்திருப்பது 12 வோல்ட் கம்ப்ரசர், திரி மாதிரி ரப்பர் சொருகும் பங்க்சர் கிட், ஒரு ஜாக்கி. ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் ஜெல் பாட்டிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு எக்ஸ்பயரி தேதி உண்டு, அப்புறம் பங்க்சர் கடைக்காரர் உள்ளே அந்தக் கொழகொழப்பைப் பார்த்துத் திட்டுவார். இது எதுவும் சைடுவால் கிழிசலுக்கு உதவாது. கிழிந்தால் டோ வண்டிதான், அதை ஒப்புக்கொண்டுதான் மாற்றினேன். பிரஷர் எச்சரிக்கை சாதா டயரிலும் வேலை செய்கிறது, டயர் மாற்றிக் காற்று நிரப்பியதும் ரீசெட் செய்தால் போதும்.

ராத்திரியில் தனியாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர், அடுத்த பெரிய ஊர் எண்பது கிலோமீட்டருக்குள்ளேயே எப்போதும் இருக்கும் பாதையில்தான் போகிறவர் என்றால் ரன்ஃபிளாட்டையே வைத்துக்கொள்ளுங்கள், அந்த நிம்மதிக்கு விலை உண்டு. என் மனைவி இந்தக் கட்சிதான். போன மாதம் அவிநாசி ரோட்டில் ஒரு ஸ்க்ரூ ஏறியது, எதிரிலேயே கடை, இருபது நிமிடம், நூற்றைம்பது ரூபாய், பக்கத்துப் பேக்கரியில் டீ ஆறுவதற்குள் முடிந்தது. வெற்றிப் பெருமிதத்தோடு அவளைப் பார்த்தேன். "இதே சின்னசேலத்துல, பத்து மணிக்கு, அத்தை பின்னாடி தூங்கும்போது ஏறியிருந்தா?" என்றாள். மறுநாள் பார்த்தால் டிக்கியில் ஒரு புது டார்ச்சும் சிவப்பு முக்கோணமும் இருந்தன.