பிரஷருக்கு நாட்டு மருந்து: நாலு வருஷத்து நோட்டுக் கணக்கு

2021 கடைசியில் 164/102 என்று வந்தபோது டாக்டர் அம்லோடிபின் 5 மி.கி. எழுதினார். மூன்றே மாதத்தில் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அந்த மாத்திரைக்கு இது சகஜம், சொன்னால் மாற்றித் தருவார்கள் என்பது அப்போது தெரியாது. யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டு, அமாவாசைக்குச் சேலம் பக்கத்துக் கஞ்சமலை சித்தர் கோவிலுக்குப் போன கையோடு வெண்தாமரைப் பொடியும் மருதம்பட்டையும் வாங்கி வந்தேன்.

பட்டையை இடித்து, இரண்டு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவிட்டால் செங்காவி நிறத்தில் இறங்கும். குடித்தால் பிஞ்சு வாழைக்காயைக் கடித்தது போல நாக்கைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து மாதம் விடாமல் குடித்தேன். தலைவலி இல்லை, தூக்கம் நன்றாக வந்தது. குணமாகிவிட்டது என்று அம்மாப்பேட்டை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மகள் வாங்கிக் கொடுத்த மிஷினை மாட்டினால் 172/106! ஏறினால் உடம்பே காட்டிக்கொடுக்கும் என்று நம்பியதுதான் என் முட்டாள்தனம்.

அப்புறம் டாக்டர் வேறு பிரஷர் மாத்திரை எழுதினார், டெல்மிசார்டன் 40 மி.கி. வீக்கம் இல்லை. மருந்தோடு ஒரு நோட்டும் ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, பிரஷர் அளந்து எழுதுவேன், காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. மூலிகையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு.

பூண்டுக்கு ஓரளவு இறக்கும் குணம் உண்டு என்கிறார்கள். என் நோட்டில் மூன்று நாலு புள்ளி குறைந்த மாதிரி தெரிந்தது, அதுவும் நிச்சயமில்லை. பச்சையாக மென்றால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள், அது மட்டும் நிச்சயம். பல் பிடுங்கப் போனபோது, ரத்தம் உறைவதைத் தாமதிக்கும், முன்கூட்டியே நிறுத்துங்கள் என்றார் பல் டாக்டர். செம்பருத்திக் கஷாயம் வேலியில் பறித்ததுதான், காசில்லை. ஆனால் ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் சோதித்தது புளிச்சக்கீரை வகையைச் சேர்ந்த ரோசெல்லின் சிவப்புப் புல்லியை, அதாவது பூவின் அடியில் இருக்கும் சதைப்பற்றான இதழை. வீட்டுச் செம்பருத்தி வேறு. வெண்தாமரைப் பொடி ஒன்றும் செய்யவில்லை.

கெடுதல் செய்தது அதிமதுரம். தொண்டைக் கட்டுக்கு தினமும் ஒரு துண்டு மென்றேன். அது மருந்துக் கணக்கிலேயே வராது என்று நினைத்ததால் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் மேல் அளவு 130 இருந்தது 148க்கு ஏறி நின்றது. நோட்டைப் பார்த்த டாக்டர், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று துருவியபோதுதான் வெளியே வந்தது. அதில் உள்ள கிளிசிரைசின் உப்பையும் நீரையும் உடம்பில் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். விட்டதும் இறங்கியது. டெல்மிசார்டன் இதற்கு நேர்மாறு, பொட்டாசியத்தை ஏற்றும். அதனால் பொட்டாசியம் நிறைந்த இளநீருக்கும் தினசரி அளவு வைத்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

கடைவீதியில் ஒருவர் சர்ப்பகந்தா வேரைத் தள்ளப் பார்த்தார். அது வேலை செய்யும், அதுதான் பயமே. 1952இல் அதிலிருந்துதான் ரெசர்பின் என்ற பிரஷர் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். மனச்சோர்வு வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது அந்த மருந்து. அளவு தெரியாத வேரை என் சமையலறையில் கொதிக்கவைக்கத் துணிவில்லை.

உப்பு தூக்கலான தட்டுவடை செட்டையும் ஊறுகாயையும் குறைத்தது எல்லா மூலிகையையும்விட அதிகம் இறக்கியது என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் அடிக்க வருவீர்கள். நோட்டு அப்படித்தான் சொல்கிறது.

இன்றைக்குக் காலை 128/80. சீரகத் தண்ணீர் மட்டும் இன்னும் உண்டு, ருசிக்காக. அதிமதுர டப்பாவும் அலமாரியில்தான் இருக்கிறது. பாட்டு வகுப்புக்குப் போகும்போது மகள் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள்.