கோமாரி ஊசியும் கன்று வீச்சு ஊசியும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கோமாரி ஊசி என்றால் தொழுவத்துக்குத் தொழுவம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நுரை தள்ளும் வாய், குளம்பில் புண், சட்டென்று இறங்கும் பால் என நஷ்டம் கண்ணுக்குத் தெரியுமே! ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இந்த நோயால் மனிதருக்குப் பயமில்லை.

கன்று வீச்சு நோய், அதாவது புருசெல்லோசிஸ், அப்படியில்லை. சினையின் கடைசி மாதங்களில் மாடு கன்றை வீசும், அதாவது கரு கலைந்து விழும். அந்த நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கும் பச்சைப்பால் குடித்தவருக்கும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். ஊசியோ கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே தடவைதான். சினை மாட்டுக்குப் போடக் கூடாது.

கோமாரி ஊசி தவறினால் அடுத்த சுற்று வரும், சரி. கிடேரிக்கு வயது தாண்டினால் போச்சு. நானாக இருந்தால் கன்றை முதலில் பிடித்துக் கட்டுவேன்.