கடைசி மாதங்கள்: மருத்துவமனையா, ஹாஸ்பிஸா, வீடா?

அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று மதுரையில் சொன்னபோது அவருக்கு 71 வயது. "இனி குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்திப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். கோவில்பட்டி வந்து சேர்வதற்குள் அதை நானும் அண்ணனும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருந்தோம். அண்ணன் காதில் "கட்டுப்படுத்தலாம்" மட்டும் விழுந்திருந்தது. என் காதில் "முடியாது" மட்டும்.

அதன்பிறகு அப்பா ஐந்து மாதம் இருந்தார். முதல் இரண்டு மாதம் மருத்துவமனை, பிறகு மூன்று மாதம் வீடு. நடுவில், குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸில் சேர்க்கலாமா என்று ஒன்றை நேரில் போய்ப் பார்த்தோம். அதற்கு முன்பே சித்தி ஒருவர் சென்னையில் ஒரு ஹாஸ்பிஸில் கடைசி மூன்று வாரம் இருந்திருக்கிறார். மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் வீட்டின் பக்கம்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் வீடுதான் மூன்றிலும் கொடுமையான இடம்.

மருத்துவமனை வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீமோ, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மறுபடி கீமோ. அப்பாவுக்கு முதலில் மஞ்சள் காமாலை இறங்க பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. அரிப்பு நின்றது, பத்து நாளில் சாப்பிட ஆரம்பித்தார். குணமாகாத நோயிலும் செய்யத் தகுந்த சிகிச்சைகள் இருக்கின்றன என்பதற்கு அந்த ஸ்டென்டே சாட்சி.

கீமோவில்தான் யோசித்திருக்க வேண்டும். நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பற்றி அண்ணன் நிறையப் படித்துவிட்டு வந்தான். 2011-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பரவிய கணையப் புற்றுநோயில் அந்த நான்கு மருந்துக் கூட்டு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.1 மாதம், ஜெம்சிடபின் என்ற ஒரே கீமோ மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 6.8 மாதம். ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 75 வயதுக்கு உட்பட்ட, நடமாட்டம் நன்றாக இருந்த நோயாளிகள். அப்பா அப்போதே குளியலறை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவார். எனவே ஜெம்சிடபின் மட்டும் கொடுத்தார்கள். மூன்று வாரம் வாரத்துக்கு ஒரு தடவை, நான்காவது வாரம் ஓய்வு. பழைய கீமோ மருந்தான 5-எஃப்யூவோடு ஒப்பிட்ட 1997 ஆய்வில் அது இடைநிலை ஆயுளைக் கூட்டியது 4.41 மாதத்திலிருந்து 5.65 மாதத்துக்கு. சிலருக்கு வலியும் குறைந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. அப்பாவுக்குக் குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர. இரண்டாவது சுற்று முடிந்தபோது அவர் காரில் படுத்தபடிதான் வந்தார்.

இதை வைத்து யாரும் கீமோவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். மார்பகம், இரத்தம், குடல் என்று புற்றுநோய்க்குப் புற்றுநோய் கணக்கே வேறு. நான் பார்த்தது கணையம் மட்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த மருந்து என் அப்பா இப்போது இருக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு எத்தனை நாள் கூட்டும், அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும்?" நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம் என்றால் அதற்குக் காரணம் கீமோ இல்லை. ஒரு ராத்திரி.

கணையப் புற்றுநோய் வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணியும். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, மடியில் இரண்டு தலையணையை அடுக்கி, அதில் நெற்றியை வைத்துக்கொண்டுதான் தூங்குவார். அப்படியே ஒரு மாதம். மருத்துவமனையில் சேர்த்திருந்த ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வலி உச்சத்துக்குப் போனது. நர்ஸிடம் ஓடினேன். டியூட்டி டாக்டர் எழுதினால்தான் ஊசி என்றார். டியூட்டி டாக்டர் அவசரப் பிரிவில் இருந்தார். டிரமடால் என்ற வலி ஊசி வந்தபோது மணி மூன்றேகால். அந்த ஒன்றேகால் மணி நேரமும் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விடிந்து பார்த்தால் கையில் விரல் பதிந்த தடம்.

அந்த நர்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. நாற்பது பேருக்கு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் பிறகு தெரிந்துகொண்ட விஷயம்தான் ஆறவில்லை: அந்த வலிக்கு டிரமடால் போதாது. அதற்கான மருந்து மார்ஃபின். விலை அதிகமில்லாத சின்ன மாத்திரை. உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் ஏணி ஒன்றை வகுத்து, மேல்படியில் மார்ஃபினை வைத்துவிட்டது. நம் நாட்டில் 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு, அதை வைத்திருக்கப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்ததால் மருத்துவமனைகளே ஒதுங்கிவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் வைத்திருக்கலாம் என்று எளிதாக்கினார்கள். அப்படியும் எல்லா ஆஸ்பத்திரியிலும் அது இருக்காது. தெருமுனை மெடிக்கலில் சீட்டை நீட்டினாலும் கிடைக்காது.

ஆகவே எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது ஏசி அறையா, சொந்த ஊரா, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் மார்ஃபின் மாத்திரை யார் கையில் இருக்கும்? முதலில் சொன்ன நிபந்தனை இதுதான். என் கணக்கில் இது ஒன்றுதான் முடிவு செய்யும்.

ஹாஸ்பிஸில் அது அங்கேயே இருக்கும். இதில் ஹாஸ்பிஸை மிஞ்ச எதுவும் கிடையாது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், மும்பையின் சாந்தி அவேத்னா, 1986-இல் தொடங்கியது. சென்னையில் மணலி பக்கம் மாத்தூரில் ஜீவோதயா இருக்கிறது. நாங்கள் போய்ப் பார்த்த இடத்தில் பினாயில் வாடையில்லை, ஓட்டமில்லை, ஒரு பாட்டிக்கு நர்ஸ் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சித்தியும் வலியில்லாமல்தான் போனார். ஆனால் நம் ஊர்ப் பக்கம் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. அப்பாவுக்கும் "கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்ற நினைப்பு வந்துவிடுமோ என்று அம்மா பயந்தார். அங்கே நான் பார்த்தது ஒரு மதியப் பொழுதுதான், சித்தி விஷயத்தில் கேட்டறிந்ததுதான் அதிகம் என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்லமாட்டேன். வீட்டில் பகலில் ஆளில்லாதவர்கள், ஒற்றைப் பிள்ளைகள், இரத்தக்கசிவோ வலிப்போ வரக்கூடிய நோயாளியை வைத்திருப்பவர்கள் ஹாஸ்பிஸைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆள் இருந்தது. அம்மா, மாற்றி மாற்றி லீவு போட நானும் அண்ணனும், பக்கத்துத் தெருவில் அத்தை. மார்ஃபின் அனுமதி உள்ள ஒரு பாலியேட்டிவ் மையத்தை, அதாவது வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை தரும் இடத்தை, மதுரையில் கண்டுபிடித்தோம். அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினார்கள். பிறகு அப்பா பயணம் செய்யத் தேவையிருக்கவில்லை, அண்ணன் மட்டும் குறிப்பு நோட்டோடு போய்வருவான். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021-இல் தொடங்கியது, வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் சேவையும் உண்டு. அப்படி வீட்டுக்கு வந்த நர்ஸ் சிஸ்டர்தான் ஏர் பெட் போடவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தார்.

மாத்திரை நேரத்தைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒட்டினோம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. எங்களுக்குத் தந்த மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். வலி வந்தபின் கொடுப்பதில்லை, வருவதற்கு முன்பே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. இரவு பத்து மணிக்கு மட்டும் இரட்டிப்பு அளவு, நடுராத்திரியில் எழுப்பாமல் தூங்கட்டும் என்று. நடுவில் வலி பீறிட்டால் கொடுக்கத் தனியாக ஒரு அளவும் எழுதித் தந்திருந்தார்கள். அப்படி எத்தனை தடவை கொடுத்தோம் என்று நோட்டில் குறிப்போம். அதை வைத்து டாக்டர் அளவைக் கூட்டுவார். நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் அப்பாவின் மில்லிகிராமை நான் இங்கே எழுதவில்லை.

முதல் மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருந்தார். பெரியப்பா வாசலிலேயே சத்தம் போட்டார்: "அந்த மாத்திரையைக் கொடுத்தா தம்பி எந்திரிக்கவே மாட்டான். அது கஞ்சா மாதிரி பழகிரும்." எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒரு மாதத் தூக்கத்தை அவர் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார் என்று போனில் சிஸ்டர் சொன்னார். நான்காம் நாள் காலையில் அப்பா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். தலையணை தலைக்கடியில் இருந்தது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேப்பரை எடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அடிமையாகிவிடுவார் என்ற பயம் வீண். தூக்கக் கலக்கமும் குமட்டலும் சில நாளில் போய்விடும். போகவே போகாதது மலச்சிக்கல் ஒன்று. மார்ஃபின் ஆரம்பிக்கும் அன்றே மலமிளக்கியும் ஆரம்பித்தாக வேண்டும். எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள்தான் "அதான் சாப்பிடவே இல்லையே" என்று ஐந்து நாள் விட்டுவிட்டோம். அப்பா பட்ட பாட்டில் அது ஒன்று முழுக்க எங்கள் தவறு.

இன்னொன்றும் தாமதமாகத்தான் தெரிந்தது. கணைய வலிக்கு வயிற்று நரம்புப் பின்னலில் ஊசி மூலம் மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் முறை இருக்கிறது. அப்பாவின் உடம்பு அதைத் தாங்கும் கட்டம் தாண்டியிருந்தது. முதல் மாதமே கேளுங்கள்.

"பாலியேட்டிவ் என்றால் கைவிட்டாச்சு என்று அர்த்தமா" என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்டான். அவனை அசைத்தது 2010-இல் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் சிகிச்சையும் கொடுத்தார்கள். அவர்கள் கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சை குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் இடைநிலை ஆயுள் அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. அது நுரையீரல், இது கணையம், அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் ஆஸ்பத்திரியா, பாலியேட்டிவா என்று ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று நாங்கள் நினைத்தது தவறு. இரண்டையும் சேர்த்தே முதல் நாளில் ஆரம்பித்திருக்கலாம்.

வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் நோயாளிக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். "அவுகளுக்குத் தெரியவே கூடாது" என்று அம்மா இரண்டு மாதம் காவல் காத்தார். வீட்டுக்கு வந்த வாரம் அப்பாவே கேட்டார்: "பாப்பா, ஈரலுக்குப் பரவிருச்சா?" ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "அப்ப அந்த நாலு சென்ட் பத்திரத்தை எடுத்துட்டு வா" என்றார். வலி அடங்கியிருந்ததால்தான் அதைப் பேச முடிந்தது. தலையணையில் நெற்றியை முட்டிக்கொண்டிருக்கும் மனிதரிடம் பத்திரத்தைப் பற்றி யார் பேசுவது?

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுக் காப்பீடு பெரும்பாலும் அட்மிஷன் போட்டால்தான் கைகொடுக்கும். ஏர் பெட், டயப்பர், விடுப்பில் போன சம்பளம் எல்லாம் நம் கையிலிருந்துதான். அப்படியும் மூன்று மாத வீட்டுச் செலவு, மருத்துவமனையின் மூன்று வாரத்தைத் தொடவில்லை.

கடைசி வாரம் விழுங்குவது நின்றது. மார்ஃபினைத் தோலுக்கடியில் செருகிய சின்ன ஊசி வழியாகக் கொடுத்தார்கள். தொண்டையில் கரகர சத்தம் வந்தபோது அதற்கும் மருந்து இருந்தது. குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி உறவுக்காரர்கள் நெருக்கினார்கள். ஏற்றினால் நெஞ்சில் நீர் சேர்ந்து மூச்சு இன்னும் சிரமப்படும் என்று சிஸ்டர் தடுத்தார். பதிலாக வாயை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தோம். அதற்கு முந்தின வாரம் கடலை மிட்டாய் கேட்டிருந்தார். மெல்ல முடியவில்லை, வெல்லப்பாகை மட்டும் சப்பிவிட்டு, கடலையை அம்மாவின் உள்ளங்கையில் துப்பினார்.

வீட்டில் இறந்தால் இரண்டு வேலை உண்டு, யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கவனித்துவந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணச் சான்று வாங்கி, 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் மார்ஃபினை வீட்டில் வைத்துக்கொள்ளவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ கூடாது. பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் மதுரைக்குப் போனான். மையத்து மேஜையில் அட்டைகளை வைத்தான். அங்கிருந்த சிஸ்டர் எண்ணி, 22 மாத்திரை என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்.