142 நிமிடப் படத்தை 113 நிமிடமாக வெட்டி விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்

பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களை ஆன்லைனில் தேடிப் பிடித்து டிஸ்க்காக வாங்குபவர்களுக்கு இந்தப் பதிவு. நான் ஏமாந்த கதைதான். பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஒரு நல்ல படத்தை ஒன்றரை வருஷம் மட்டமான படம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

2021இல் வந்த 'நோ டைம் டு டை' பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், முடிவில் லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில் ஒரு பழைய பாட்டு வரும். அது 1969இல் வந்த 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்துக்காக இசையமைப்பாளர் ஜான் பேரி போட்ட பாட்டு. ஜார்ஜ் லேசன்பி பாண்டாக நடித்த ஒரே படம் அது. தொடரில் நான் பார்க்காமல் விட்டிருந்ததும் அது ஒன்றுதான். பாட்டுக் கேட்ட சூட்டோடு தேடினேன். ஒரு செல்லரிடம் டிவிடி கிடைத்தது. 'முழு நீளம், அகலத்திரை, அசல் பதிப்பு' என்று மூன்று சத்தியம் பண்ணியிருந்தார்கள். அட்டையும் பளபளவென்று இருந்தது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

டிஸ்க்கைப் போட்டால் டிவியின் நடுவில் சதுரமாக ஒரு படம், இடமும் வலமும் கறுப்பு. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். அகலத்திரைப் படம் என்றால் கறுப்புப் பட்டை மேலும் கீழும்தான் வரும். இந்தப் படம் எடுக்கப்பட்டது அகலம் 2.35க்கு உயரம் 1 என்ற அளவில். அதைப் பழைய சதுர டிவிக்காகப் பக்கங்களை வெட்டி 1.33க்குக் கொண்டுவந்த பிரதியை என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நூற்றுக்கு 43 பங்கு காணோம். சுவிட்சர்லாந்தின் ஷில்தோர்ன் சிகரத்தில், சுழலும் உணவகத்தை வில்லனின் கோட்டையாக்கி எடுத்த படம். வில்லி போக்னர் என்ற ஒளிப்பதிவாளர் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே கேமராவைப் பிடித்துத் துரத்தல் காட்சிகளை எடுத்தார். அவ்வளவு பாடுபட்டதை என் பிரதியில் பார்த்தால், ஒரு ஆள் மட்டும் ஓரத்தில் சறுக்குகிறான். துரத்துகிறவன் எங்கே என்று தெரியவில்லை. குண்டு மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

அடுத்தது நீளம். 113 நிமிடத்தில் படம் முடிந்துவிட்டது. அசல் 142 நிமிடம் என்பது எனக்கு அப்போது தெரியாது. கதைதான் எங்கேயோ குதிக்கிறதே என்று இருந்தது. பாண்ட் காதலியோடு சுற்றிக்கொண்டிருக்கிறார், அப்புறம் பார்த்தால் கண்ணாடி போட்டுக்கொண்டு வம்சாவளி ஆராய்கிற அறிஞர் வேஷத்தில் மலையேறுகிறார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. நடுவில் பெர்ன் நகரத்து வக்கீல் ஆபீஸ் காட்சியை அப்படியே தூக்கிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வக்கீல் சாப்பிடப் போகிற நேரம், பக்கத்துக் கட்டடவேலைக் கிரேனில் பூட்டு திறக்கிற இயந்திரம் வந்து இறங்குகிறது. அது தன் பாட்டுக்குப் பெட்டகத்தின் எண்களைத் தேடிக்கொண்டிருக்க, பாண்ட் உட்கார்ந்து பத்திரிகை புரட்டுகிறார். வசனமே கிடையாது. இசை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். வில்லன் புளோஃபெல்டுக்குப் பிரபுப் பட்டம் வேண்டும் என்ற ஆசை இருப்பது அந்தப் பெட்டகத்துக் காகிதங்களில்தான் தெரியவரும். மொத்தக் கதையும் தொங்குகிற ஆணி அது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மிச்சத்தை விற்றிருக்கிறார்கள்.

இன்னொரு கொடுமை, உறையின் பின்பக்கத்தில் கடைசிக் காட்சியையே எழுதிவைத்திருந்தார்கள். நான் இங்கே சொல்ல மாட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து நண்பன் வீட்டில் பேச்சு வந்தது. "லேசன்பி படமா, தலையும் வாலும் புரியாது" என்றேன். "டேய், நீ வேற என்னத்தையோ பார்த்திருக்க" என்று சொல்லி அவன் தன் ப்ளூரேயைப் போட்டான். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் செல்லருக்குப் புகார் எழுதினேன். அதில் ஒரு அவசரத்தனம் பண்ணிவிட்டேன். படத்தின் பாதியில் பாண்டின் குரலே மாறுகிறது, ஆடியோவும் கோளாறு என்று அதையும் சேர்த்து எழுதினேன். அது கோளாறே இல்லை. பாண்ட், ஹிலரி பிரே என்ற அந்த வம்சாவளி அறிஞராக நடிக்கும் பகுதிக்கு, அந்த பிரேயாக வரும் ஜார்ஜ் பேக்கர்தான் டப்பிங் குரல் கொடுத்திருக்கிறார். செல்லர் சும்மா இருப்பாரா? அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, 'படத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு புகார் செய்யவும்' என்று பதில் போட்டார். நீளத்தைக் கேட்டதற்கு, டிவி முறை மாறுவதால் வேகம் மாறும் என்றார். அதில் பாதி உண்மை இருக்கிறது. நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை பால் (PAL) என்ற டிவி முறைக்கான டிவிடியில் 25 ஃப்ரேமாக ஓட்டுவார்கள். 142 நிமிடம் 136 ஆகும். உங்கள் டிஸ்க் 136 காட்டினால் பதற வேண்டாம். ஆனால் 113க்கு எந்தக் கணக்கும் வராது. இதைத் திருப்பி எழுதியதற்கு, சீல் உடைத்த டிஸ்க்குக்கு ரீஃபண்ட் கிடையாது என்று முடித்துவிட்டார். சீல் உடைக்காமல் படம் பார்க்கிற வித்தை அவருக்குத்தான் தெரியும்.

வாங்குகிறவர்கள் அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்தைப் பாருங்கள். எண் இல்லாமல் 'முழு நீளம்' என்று மட்டும் இருந்தால் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரேம் அளவையும் கேளுங்கள். டிஸ்க் வந்த அன்றே கடைசி வரை ஓட்டிப் பாருங்கள், நான் செய்ததுபோல ஒன்றரை வருஷம் கழித்துப் போய் நிற்காதீர்கள்.

சரி, படம் எப்படி? லேசன்பி மாடலாக இருந்து நேரே பாண்ட் ஆனவர். வசனம் பேசும்போது கட்டைதான், சண்டையில் புலி. முந்தைய படத்தில் நேருக்கு நேர் பார்த்த பாண்டை புளோஃபெல்டுக்கு இதில் அடையாளமே தெரியவில்லை என்பது பெரிய ஓட்டை. நாவல்கள் வந்த வரிசையைப் படங்களில் மாற்றியதால் வந்த வினை. இதையெல்லாம் மறக்கடிப்பவர் பாண்டின் காதலியாக வரும் டயானா ரிக். மலையிலிருந்து தப்பி வந்த பாண்ட், பனிச்சறுக்குத் திடலோரம் கூட்டத்துக்குள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக் குறுகி உட்கார்ந்திருப்பார். கரடி வேஷக்காரன் ஒருவனைப் பார்த்தே அதிர்ந்துபோயிருக்கிறார். பாண்ட் உண்மையிலேயே பயந்து பார்ப்பது எனக்குப் புதிது. அப்போது அவர் முன்னால் ஒரு ஜோடி சறுக்குக் காலணி வந்து நிற்கும். மெல்லத் தலை தூக்குவார், எதிரே டயானா ரிக். என் பிரதியிலும் அந்தக் காட்சி இருந்தது. சுற்றியிருக்கும் கூட்டம் மட்டும் இல்லை. கூட்டம் இல்லாமல் அவர் எதற்கு ஒளிகிறார் என்றே எனக்கு அன்று புரியவில்லை.

அந்த செல்லர் இன்னமும் அதே அட்டைப்படத்தைப் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார். போன வாரம் பார்த்தேன். 'முழு நீளம்' என்பதை எடுத்துவிட்டு 'சிறப்புப் பதிப்பு' என்று மாற்றியிருக்கிறார்.