கனிஸ்ரரை மாற்றுவதா, கழற்றி விடுவதா?

காரின் பின்பக்கம் பெற்றோல் மணக்கிறது, தாங்கியில் ஓட்டையும் இல்லை, ஹோஸில் வெடிப்பும் இல்லை என்றால் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "கனிஸ்ரர் பழுதாப் போச்சு, மாத்துங்கோ." மற்றது, "அது இந்த ஊருக்குத் தேவையில்லாத சாமான் தம்பி, கழட்டிப்போட்டு ரியூப்பை வெளியில விடுவம்." இரண்டாவதுதான் அதிகம் கேட்கும். செலவும் இல்லையென்றே சொல்லலாம். நான் மாற்றினேன், அதுவும் புதிது வாங்காமல் ரீகண்டிஷன் சாமானாக. கழற்றி விட்டவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

அது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மூடி வைத்த தாங்கிக்குள்ளும் பெற்றோல் சும்மா இருக்காது. அதிலுள்ள இலேசான பகுதிகள் 35 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்குபவை. எங்கள் சித்திரை, வைகாசி வெயில் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பழைய கார்களில் அந்த ஆவி மூடியிலுள்ள சிறு துளையால் காற்றோடு போய்விடும். இப்போதைய கார்களின் மூடி இறுக்கமானது. ஆவி ஒரு மெல்லிய குழாய் வழியே கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றுக்குள் போகும். அதுதான் கனிஸ்ரர். அதற்குள் இருப்பது விசேடமாகப் பதப்படுத்திய கரி. ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளை விரித்துப் பார்த்தால் ஆயிரம் சதுர மீற்றர் பரப்பு வரும்; அத்தனையும் பெற்றோல் ஆவியைப் பிடித்து வைத்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒரு சிறு மின்வால்வு திறக்க, எஞ்சின் அந்த ஆவியை இழுத்து எரித்துவிடும். பெட்டியின் மறுவாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் காற்று வருவதும் அதே வழியால்தான். கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல்களுக்கும், அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதற்கும் வந்த ஏற்பாடு இது. ஜப்பான் கார்களோடு எங்களிடமும் வந்து சேர்ந்தது.

இனி எல்லாரும் சொல்லும் விசயங்களைக் கடகடவென்று முடித்துவிடுவோம். கனிஸ்ரர் இருந்தால் பெற்றோல் மிச்சமா? மிச்சம்தான், ஆனால் நாளொன்றுக்குச் சில கரண்டிதான். அந்தக் கணக்கை வைத்து யாரும் மாற்ற வேண்டாம். காற்று மாசு? உண்மை, ஆனால் கராஜில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனை? அங்கே சைலன்சர் வாயில்தான் கருவியை வைக்கிறார்கள். கனிஸ்ரர் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. விலை? புதிய சாமான் பொல்லாத விலை. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஆள் இருந்தால் ரீகண்டிஷன் எடுப்பது பெரிய விசயம் இல்லை, பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடுவார்கள்.

கழற்றச் சொல்பவர்களின் பெரிய வாதம் ஏ-40. "ஒஸ்ரின் ஏ-40க்கு கனிஸ்ரர் இருந்ததோ? மொறிஸ் மைனருக்கு இருந்ததோ? இண்டைக்கும் ஓடுதுதானே?" ஓடுகின்றன, மறுக்கவில்லை. 1950களின் கார்கள் இன்றும் உருளும் ஊர் இது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிக் காட்டிய கார்களும் அவைதான். மண்ணெண்ணெய் எங்கள் வெயிலுக்குப் பெரிதாக ஆவியாவதில்லை; ஆகவே தாங்கியின் ஆவியைப் பற்றி அப்போது ஒருவரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கைகளிடம் தொழில் பழகியவர்கள் இந்தக் கறுப்புப் பெட்டியைத் தேவையில்லாத சாமான் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ஏ-40 மூடியால் மூச்சு விடும்படி செய்த கார். இப்போதைய காரின் தாங்கிக்கு அந்தக் குழாய்தான் மூக்கு. கழற்றும்போது அதை அடைத்துவிட்டால், பம்ப் பெற்றோலை இழுக்க இழுக்கத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும். பம்புக்கு வேலை கூடும். மெல்லிய தகரத் தாங்கியாக இருந்தால் உள்ளே ஒடுங்கவும் கூடும். அடைக்காமல் திறந்துவிட்டால் சரிதானே என்பீர்கள். என்னைக் கேட்டால், முடிவை எடுக்க வேண்டிய இடமே அதுதான்.

எல்லாரும் ஆவியைப் பற்றியே பேசுகிறோம். ஆவி வரும், போகும். ஆவி போகவென்று வைத்த குழாய்க்குள் திரவம் வந்தால் அது எங்கே போய் விழும்? இரண்டு வழிகளையும் பிரிப்பது இந்தக் கேள்விதான்.

திரவம் ஏன் வருகிறது? நாங்கள்தான் அனுப்புகிறோம். செட்டில் பெற்றோல் அடிக்கும் நோசிலின் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. தாங்கி நிறைந்து பெற்றோல் கழுத்துக்கு ஏறி அந்தத் துளையை மூடியதும் நோசில் 'டக்' என்று நிற்கும். அந்த நேரத்தில் தாங்கியின் மேற்பகுதியில் கொஞ்சம் வெறும் இடம் மிச்சம் இருக்கும். அது கார் செய்தவன் வேண்டுமென்றே விட்ட இடம். எங்கள் ஊரில் 'டக்' என்ற பிறகுதான் வேலையே தொடங்கும். "அண்ணை, ஐயாயிரத்துக்கு றவுண்ட் பண்ணட்டோ?" என்று செட்டுப் பொடியன் கேட்பான். "கழுத்து மட்டும் அடி தம்பி" என்று நாங்களும் சொல்வோம். காரைக் கொஞ்சம் குலுக்கி நுரை அடங்க, இன்னும் ஒரு 'டக்'.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பழக்கம் இன்னும் இறுகிவிட்டது என்பது என் எண்ணம். கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று தொடங்கிய காலம். 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியதும் அந்த ஆண்டு ஜூனில்தான். வரிசையில் இரவைக் கழித்தவர்களிடம் போய்த் தாங்கியில் இடம் விடுங்கள் என்று சொல்ல முடியுமா? 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறை நின்றுவிட்டது. கழுத்து மட்டும் அடிக்கும் கை நிற்கவில்லை.

இனிக் கணக்கைப் பாருங்கள். பெற்றோல் ஒரு பாகை சூடேறினால் ஆயிரம் லீற்றருக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் விரியும். செட்டின் நிலத்தடித் தாங்கியிலிருந்து வந்த பெற்றோலை 35 லீற்றர் தாங்கியில் கழுத்து மட்டும் நிரப்பிக்கொண்டு போய், காரை வெயிலில் விட்டுவிட்டு ஒரு கலியாண வீட்டுக்குள் போகிறீர்கள். 10 பாகை ஏறினாலே 300 மில்லிலீற்றருக்கு மேல் விரிந்துவிடும். விட்டிருக்க வேண்டிய இடத்தை நாங்களே நிரப்பிவிட்டோம். தாங்கியின் மேலே மிதவை வால்வு ஒன்று திரவத்தைத் தடுக்கத்தான் பார்க்கும், ஆனால் பழைய காரில் அதை முழுதாக நம்ப முடியாது. மிச்சம் அந்த மெல்லிய குழாய்க்குள் போகும்.

கனிஸ்ரர் இருந்தால் அந்தப் பெற்றோலைக் கரி குடிக்கும். குடித்தால் கெடும். பெற்றோல் அடித்துவிட்டு வந்து திரும்ப ஸ்ராட் பண்ணினால் இலகுவில் பிடிக்காது, ஐட்லிங் ஏறி இறங்கும், பிளக் கரி பிடிக்கும், புகைப் பரிசோதனையில் ஹைட்ரோகாபன் கூடிக் காட்டும். அதாவது கார் முரண்டு பிடித்து உங்களைக் கராஜுக்கு அனுப்பும். செலவு இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது, ஆனால் பெற்றோல் வெளியே வரவில்லை. கனிஸ்ரர் இல்லாவிட்டால் அதே பெற்றோல் திறந்த ரியூப் வழியே சொட்டும். எங்கே சொட்டும் என்பது கனிஸ்ரர் முதலில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. சில கார்களில் அது தாங்கிக்குப் பக்கத்தில். சைலன்சர் குழாய் தூரத்தில் இல்லை. வேறு சில கார்களில் அது பொனற்றுக்குள்ளேயே இருக்கும். அங்கே கழற்றி விட்டால் ரியூப்பின் வாய் எரியும் சூட்டில் இருக்கும் எக்சோஸ்ட்டுக்கு அருகில் திறந்து கிடக்கும். கழற்றி விடச் சொல்பவர்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: ரியூப்பை எங்கே விடுவீர்கள்? "கீழ விடுறது" என்பதற்கு மேல் ஒரு பதிலை இதுவரை கேட்டதில்லை.

சொட்டாமல் ஆவி மட்டும் வந்தாலும் போட்டிக்கோவில் கார் விடுபவர்கள் யோசிக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே போகாது, நிலத்தோடு பரவும். பின்னேரம் நுளம்புத்திரி கொளுத்த நெருப்புக்குச்சி உரசுவது எந்த உயரத்தில்? கதவு யன்னல் இல்லாத திறந்த கொட்டிலில் கார் நிற்கிறதென்றால் இந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

என் காரில் கழற்றிய கனிஸ்ரரைப் பேப்பர் விரித்து வைத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கையில் தூக்கியதுமே பாரம். சரித்தபோது வாயால் ஒழுகியது ஆவி இல்லை, மஞ்சள் நிறத்தில் பெற்றோலேதான். பேப்பர் முழுக்க ஊறியது, அதற்குள் மிளகுத்தூள் போலக் கரித்துணிக்கைகள். இன்னொரு வேடிக்கையும் இருந்தது. வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டிய ஹோஸின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்ட, மண் உடைந்து உள்ளே காய்ந்த புழுக்கள். திறப்புத் துவாரத்தையே விடாத குளவி இதை விடுமா? பெற்றோல் அடிக்கும்போது நோசில் நொடிக்கொரு தரம் 'டக் டக்' என்று நின்றதற்குப் பாதிக் காரணம் அங்கே இருந்தது: தாங்கிக்குள் இருந்த காற்று வெளியேற வழியில்லை. இப்போது அந்த வாயில் மெல்லிய வலைத்துண்டு கட்டியிருக்கிறேன். காற்றுப் போகும், குளவி போகாது.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: பழைய கனிஸ்ரரைக் காற்றடித்து வெயிலில் காயவிட்டுத் திரும்பப் பூட்டுவது. இலேசாக ஈரமானதென்றால் செய்து பார்க்கலாம். துணிக்கை வரத் தொடங்கியிருந்தால் வேண்டாம். அந்தத் தூள் போய் மின்வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், பிறகு அதையும் மாற்ற வேண்டும்.

ரீகண்டிஷன் எடுப்பவர்கள் நான்கு விசயம் பாருங்கள். கையில் எடுத்தால் இலேசாக இருக்க வேண்டும். காதுக்குப் பக்கத்தில் குலுக்கினால் உள்ளே எதுவும் உருளக் கூடாது. ஒரு வாயில் காற்று விட்டால் மறுவாயால் தடையின்றி வரவேண்டும். குழாய் வாய்களின் பருமன் உங்கள் ஹோஸுக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாததற்கு கிளிப் போட்டு இறுக்கினால் மணம் போகாது. எத்தனை காலம் உழைக்கும் என்று உத்தரவாதமாகச் சொல்ல மாட்டேன், என்னுடையதற்கு இன்னும் வயது போதாது. 'டக்' என்றதோடு நிறுத்தினால் நீண்ட காலம் வரும் என்பதுதான் என் எதிர்பார்ப்பு. செட்டில் நான் இப்போது சொல்வது, "தானா நிண்டால் காணும் தம்பி." பொடியன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பார்க்கட்டும்.

விற்கும்போது என்ன? 2020இல் இறக்குமதி நின்று 2025 தொடக்கத்தில் திரும்பத் திறக்கும்வரை பழைய கார்களே தங்க விலைக்குப் போயின. அந்தக் காலத்தில் வாங்குபவர்களும் விவரமாகிவிட்டார்கள், கையில் ஸ்கானரோடு ஆள் கூட்டி வருகிறார்கள். மின்வால்வின் வயரைக் கழற்றியிருந்தால் செக் எஞ்சின் லைற் எரியும், ஸ்கானரில் காட்டும். வயரை விட்டு ஹோஸை மட்டும் கழற்றினால் பல கார்களில் ஒன்றும் காட்டாது. ஆகவே விலை இதனால் விழும் என்று பயமுறுத்த மாட்டேன்.

கழற்றி விடுவதே சரி என்று நானே சொல்லும் நிலைமையும் உண்டு. பொருத்தமான சாமான் கிடைக்கவே இல்லை, இருக்கும் கனிஸ்ரர் முழுதாக அடைத்துவிட்டது என்றால், மூச்சு முட்டும் தாங்கியைவிடத் திறந்த ரியூப் மேல். அப்படிச் செய்வதென்றால் எஞ்சின் பக்கத்து வாயை நன்றாக அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று இழுத்து ஐட்லிங் குழம்பும். தாங்கிப் பக்கத்து ரியூப்பைத் தாங்கியின் தலைக்கு மேலே ஒரு வளைவு எடுத்து, எக்சோஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி, வாயில் வலை போடுங்கள்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு நேரே கராஜுக்குப் போக வேண்டாம். அவற்றில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் கரியிலிருந்து ஆவியை இழுக்கக் கிடைக்கும் நேரமே குறைவு. சில வகைகளில் தாங்கியையே அழுத்தம் தாங்கும்படி இறுக்கி மூடி வைத்து, மூடியைத் திறக்க முதல் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லியிருப்பார்கள். அப்படியான கார் ஒன்றும் என் கையில் இருந்ததில்லை. ஆனால் பெற்றோல் கதவுக்கென்று தனிப் பொத்தான் இருந்து, அழுத்தியபின் திறக்கச் சில விநாடி எடுக்கிறதென்றால், அந்தக் காரில் கழற்றி விடும் கதையையே எடுக்க வேண்டாம். அதற்கென்று தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.